மூன்றாவது மரத்தில் டவர்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஆறே காலுக்கு அங்கே இருந்தவர்கள் இவர்கள்: ஜன்னலை ஒட்டிய கட்டிலில், முதுகுக்கு இரண்டு தலையணை கொடுத்து நித்யஸ்ரீ. அவளுக்கு இடப்பக்கம் சேலைத் தொட்டிலில், பிறந்து ஒன்பது நாளான ஆண் குழந்தை. பிள்ளை பெற்றவள் அறைக்குள் ஆண்பிள்ளை வரக்கூடாதென்று வாசற்படிக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, கழுத்தை மட்டும் உள்ளே நீட்டிக்கொண்டு மாமனார் லட்சுமணசாமி. போன், ஜன்னல் திட்டில் தண்ணீர்ச் சொம்பின்மேல் சாய்ந்து உட்கார்ந்திருந்தது. ஆனைமலைக்குத் தெற்கே ஆறு மைல் தள்ளி இருக்கிற அந்தத் தோட்டத்து வீட்டில் இரண்டு கோடு டவராவது எட்டிப் பார்ப்பது அந்தத் திட்டில் மட்டுந்தான்.

இல்லாதவர்களையும் சொல்லிவிட வேண்டும். கணவன் சபரீஷ் இளநீர் லோடு ஏற்றிக்கொண்டு நாக்பூர் போயிருந்தான். மாமியார் நாச்சியம்மாள், மூத்த குழந்தையைக் கூட்டிக்கொண்டு விடிவதற்கு முன்பே முதல் பஸ்ஸைப் பிடித்துத் துடியலூருக்குக் கிளம்பியிருந்தாள். சம்பந்தி வீட்டுக் கல்யாணத்துக்கு இந்த வீட்டிலிருந்து ஒரு தலையாவது போக வேண்டுமல்லவா? அவள் போய்ச் சேர ஏழரை ஆகும். தாலி கட்டுவதைப் பார்க்கலாம். அதற்கு முந்தைய சீர்களைப் பார்க்க முடியாது.

கல்யாணம் நித்யஸ்ரீயின் தம்பி கவினுக்கு. வயிற்றைக் கீறி எடுத்த பிள்ளை என்பதால், அவள் பஸ்ஸிலோ காரிலோ ஏறக்கூடாதென்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மண்டபத்தில் வீடியோ எடுக்கிற ஸ்டுடியோக்காரர்கள் எல்லாவற்றையும் லைவில் விடுவார்கள், படுத்துக்கொண்டே பார்க்கலாம் என்றார்கள். அவளும் படுத்துக்கொண்டே பார்த்தாள்.

ஆறே முக்காலுக்கு இணைச்சீர் ஆரம்பித்தது. மாப்பிள்ளையோடு பிறந்தவள் அவன் பக்கத்தில் மணைபோட்டு உட்கார்ந்து செய்கிற சீர் அது. பிறந்தவள் வர முடியாவிட்டால் பங்காளி வீட்டுப் பெண் ஒருத்தி அவள் இடத்தில் உட்காருவாள். "யாரை வேணும்னாலும் உக்கார வெச்சுக்குங்க, என்னைக் கேக்காதீங்க" என்று ஒரு மாதம் முன்பே அம்மாவிடம் சொல்லியிருந்தாள் நித்யஸ்ரீ. சொல்லும்போது பெரிய மனசோடு சொன்னதாகத்தான் அவளுக்குத் தோன்றியது. இப்போது கண்ணை இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கவின் மணைமேல் உட்கார்ந்தான். சீர் செய்துவைக்கிற அருமைக்காரர் வெற்றிலையைக் கையில் எடுத்தார். திரையின் ஓரத்தில் ஒரு பச்சைப் பட்டின் முந்தானை தெரிந்தது. கவின் முகத்தைத் திருப்பினான். வாயைத் திறந்தான்.

அப்படியே நின்றுவிட்டது.

நடுவில் ஒரு வட்டம் சுற்றியது. லட்சுமணசாமி நாற்காலியிலிருந்தே, "சொம்பை ரவையூண்டு தள்ளிப் பாரு அம்மணி" என்றார். தள்ளினாள். போனைத் தலைக்குமேல் பிடித்தாள். தொட்டில் கயிற்றில் செருகினாள். வட்டம் சுற்றி முடித்துப் படம் ஓடியபோது மேளம் கொட்டிக்கொண்டிருந்தது, எல்லாரும் அரிசி போட்டுக்கொண்டிருந்தார்கள், கூட்டத்தின் நடுவில் நாச்சியம்மாளின் தலைகூடத் தெரிந்தது.

"தாலி கட்டீட்டாங்க, மாமா."

"நல்லதாப் போச்சு" என்றார் அவர். மருமகளின் முகத்தைப் பார்த்துவிட்டு, "அதென்ன பச்சைச் சேலை?" என்று மட்டும் கேட்டார்.

அதுதான் அவளுக்கும் தெரிய வேண்டியிருந்தது. நாச்சியம்மாள் போய்ச் சேர்ந்தபோது சீர் முடிந்திருந்தது, அதைப்பற்றி அங்கே யாரும் அவளிடம் வாயைத் திறக்கவில்லை.

பெரியப்பா மகள் ரித்திகாவிடம் பச்சைப் பட்டு உண்டு. அவள் மூன்று வருடம் முன்பு புதுவீட்டுப் பால் காய்ச்சினாள். ஊரெல்லாம் நேரில் போய் வெற்றிலை பாக்கு வைத்துக் கூப்பிட்டவள், நித்யஸ்ரீக்கு மட்டும் பத்திரிகையைப் போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்பினாள். அந்தப் போட்டோவும் டவர் இல்லாமல் பால் காய்ச்சின மறுநாள்தான் திறந்தது. அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை. அவளையே தன் இடத்தில் உட்கார வைத்திருந்தால் தம்பிக்கு அக்கா என்ன கணக்கு? அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை புதுமாப்பிள்ளை பெண்ணுக்குத் துடியலூரில் விருந்து. இருபத்தாறாம் நாள் குழந்தைக்குப் பெயர் வைக்க அந்த வீட்டிலிருந்து சீர் வர வேண்டும். எந்த முகத்தோடு வாங்குவது?

இதை அம்மாவிடம் கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கும். திங்கட்கிழமை அம்மாதான் கூப்பிட்டாள்.

"லைவுல பார்த்தியா, கண்ணு?"

"பார்த்தேன்மா."

"எல்லாம் பார்த்தியா? சீரெல்லாம்?"

"எல்லாந்தான் பார்த்தேன்."

"அப்புறம் நீ ஒண்ணுமே சொல்லலையே?"

"சொல்றதுக்கு என்ன இருக்குது?"

அதோடு லைன் அறுந்தது. இரண்டு பக்கமும் திரும்பக் கூப்பிடவில்லை.

படம் நின்றுபோனதென்று அவள் ஏன் சொல்லவில்லை? இந்த வீட்டுக்கு வாழ வந்த புதிதில், "எங்கக்காவை டவர் இல்லாத ஊட்டுல குடுத்துப்போட்டாங்க" என்று கவின் பந்தியில் வைத்துச் சொல்லி எல்லாரையும் சிரிக்க வைத்தான். லட்சுமணசாமியும் இலைக்கு முன்னால் உட்கார்ந்தபடி சிரித்தார். சிரித்தவர் வீட்டுக்கு வந்து இரண்டு போன் கம்பெனிக்கு மனுப் போட்டார். 'எங்கள் தோட்டத்திலேயே டவர் வைத்துக்கொள்ளவும், வாடகை வேண்டாம்.' இன்றுவரை பதில் இல்லை. அந்த மனிதர் படிக்கு வெளியே உட்கார்ந்திருக்க, 'இந்த ஊட்டுல ஒண்ணும் தெரியலை' என்று அவள் வாயால் எப்படிச் சொல்வாள்?

பேச முடியாததை எழுதுகிறவள் அவள். போன் இரண்டு நிமிடத்துக்கு மேல் நிற்காத ஊரில் அது பழக்கமாகிவிட்டது. துடியலூர் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தபடி வலது மேல்மூலையில் இடம், நாள் போட்டு, பத்திக்குப் பத்தி விரற்கடை இடம் விட்டு எழுதுவாள். செவ்வாய்க்கிழமை பிள்ளை தூங்கும்போது கவினுக்கு ஒரு கடிதம் எழுதினாள். 'அன்புள்ள தம்பிக்கு' என்று தொடங்கி, நலம் விசாரித்து, மூன்றாவது பத்தியில், 'என் இடத்தில் யாரை உட்கார வைத்தாய் என்பதைப் பொறுத்து, பெயர் வைக்கும் நாளில் உங்கள் சீரை ஏற்பதா என்று முடிவு செய்வோம்' என்று எழுதி நிறுத்தினாள். கண்ணால் பார்க்காமல் அதற்குமேல் எழுதுவது நியாயமில்லை என்று பட்டது. கடிதத்தை மடித்துக் குழந்தையின் தடுப்பூசி அட்டைக்குள் வைத்தாள்.

ஸ்டுடியோக்காரர்கள் குடும்பக் குரூப்பில் ஏற்கனவே போட்டிருந்தார்கள்: லைவ் லிங்க் அடுத்த ஞாயிறு மதியம் பன்னிரண்டு மணிவரைதான் இருக்கும். அதற்கப்புறம் ஆல்பத்தோடு தருவோம், இரண்டு மாதம் ஆகும்.

அந்த வாரம் முழுக்க அவள் ஜன்னல் திட்டில் இறக்கிப் பார்த்தாள். நாலு மணி நேர வீடியோ. ஒரு ராத்திரிக்கு மூன்று சதவீதம் ஏறியது. விடிந்ததும் 'மீண்டும் முயலவும்' என்று வந்தது.

சனிக்கிழமை லட்சுமணசாமி கொப்பரை விஷயமாகப் பொள்ளாச்சி போனார். போன் அவரோடு போனது. அவருடையது பட்டன் போன். பெரிய போனில் அவருக்குத் தெரிந்தது எடுப்பதும் வைப்பதும் மட்டுமே. அதனால் நித்யஸ்ரீ ஒரு தாளில் ஒன்பது படி எழுதிக் கொடுத்தாள். பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து பேக்கரியில் உட்காருவது ஒன்று, டீ சொல்வது இரண்டு, சிவப்புப் படத்தை அமுக்குவது மூன்று, கீழ்நோக்கிய அம்புக்குறியை அமுக்குவது ஆறு, அம்புக்குறி கறுப்பாகும் வரை வேறு எதையும் தொடாமலிருப்பது ஒன்பது.

சாயங்காலம் அவர் சட்டைப் பையைத் தட்டிக்கொண்டே வந்தார். "நாலு டீ குடிச்சேன் அம்மணி. அம்பு கறுப்பாயிருச்சு."

போட்டுப் பார்த்தார்கள். நாச்சியம்மாளும் கட்டிலில் வந்து உட்கார்ந்தாள். கவினும் பெண்ணும் கோட்டும் பாவாடையுமாக மேடையில் நின்று ஒவ்வொருவராகக் கைகொடுத்துக்கொண்டிருந்தார்கள். அது கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்கால ரிசப்ஷன்.

"ரெண்டு படம் இருந்துதா மாமா?"

"இருந்துது. மேல இருந்ததுல உங்கம்மா மொகம் தெரிஞ்சுது. அதுதான்னு நெனச்சேன்."

ஒன்பது படி எழுதினவள், இரண்டு வீடியோ இருக்கும், இரண்டாவதை அமுக்கவும் என்று எழுதவில்லை. தப்பு முழுக்கத் தாளில்தான் இருந்தது. அவள் அவரிடம், "பரவாயில்லீங்க மாமா, இதுவும் பார்க்க வேண்டியதுதானுங்க" என்றாள். மூன்று பேரும் கைகொடுப்பதை ஒன்றேகால் மணி நேரம் பார்த்தார்கள். நாச்சியம்மாள் ஒவ்வொரு சேலைக்கும் விலை சொன்னாள்.

மறுநாள் தோட்டத்தில் தேங்காய் வெட்டு. யாரும் வீட்டை விட்டு நகர முடியாது. லிங்க் மதியத்தோடு சரி.

காலை ஆறரைக்கு அனீஸ் வந்தார். நாற்பது வயது, பொள்ளாச்சிக்காரர், நாற்பத்தைந்து நாளைக்கு ஒருமுறை மரமேறும் கருவியை மொபெட்டில் கட்டிக்கொண்டு வருவார். நாச்சியம்மாள் அவருக்குக் காப்பி ஊற்றிக்கொண்டே நடந்ததையெல்லாம் சொல்லிவிட்டாள். யாருக்கும் சொல்லக்கூடாத பகுதியையும் சேர்த்துத்தான்.

அவர் காப்பியைக் கீழே வைத்தார். "ஏனுங்கம்மா, டவர்தானே வேணும்? தண்ணித் தொட்டிக்குக் கெழக்கால மூணாவது மரம். உச்சியில புல்லா வருதுங்க. அங்க உக்காந்துதான் நான் ஊட்டுக்கு வீடியோ கால் பேசுவேன்."

"நெசமாலுமா?" என்றார் லட்சுமணசாமி. மனுப் போட்டவரின் குரல் அது.

"ஆறு வருசமா பேசறேனுங்க."

"எங்கிட்டச் சொல்லவே இல்லியேப்பா."

"நீங்க கேக்கலியேங்க."

இரண்டாவது வீடியோவை அமுக்கி வைத்து, போனைப் பாலித்தீன் கவரில் போட்டு, மஞ்சப்பையில் வைத்து, அனீஸ் மேலே கொண்டுபோய் மட்டையில் கட்டினார். நித்யஸ்ரீ களத்து நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். "காத்து ஏறிக்கும்" என்று நாச்சியம்மாள் அவள் காதையும் தலையையும் துண்டால் கட்டிவிட்டாள். மடியில் பிள்ளை. உச்சியில் போன். அனீஸ் பக்கத்து மரத்தில் காய் தள்ளிக்கொண்டே எட்டிப் பார்த்துச் சொல்வார்: "பதினெட்டுங்க." கொஞ்ச நேரம் கழித்து: "இருவத்தாறுங்க."

எட்டரைக்கு மரத்தின் உச்சியில் போன் அடித்தது.

பழைய போன் அது. அழைப்பு வந்தால் நெட் நின்றுவிடும். திரும்ப ஒருவர் தொட்டால்தான் ஓடும். அடித்து ஓய்ந்தது. அனீஸ் பக்கத்து மரத்திலிருந்து இறங்கி, மூன்றாவது மரம் ஏறி, தொட்டுவிட்டு, இறங்கி, பக்கத்து மரம் ஏறினார். மறுபடி அடித்தது. ஞாயிற்றுக்கிழமை காலை, ஒறம்பரை, சொந்தபந்தம் எல்லாரும் பிள்ளை பெற்றவளை நலம் கேட்கிற நேரம்.

"யாருங்கண்ணா?" என்று கேட்டாள் நித்யஸ்ரீ.

"சின்னத்தைன்னு போட்டிருக்குதுங்க."

அடுத்தது, "ஈரோட்டு மாமான்னு வருதுங்க."

எடுக்காவிட்டால் சொல்லிக்காட்டுவார்கள். எடுக்க ஆள் மரத்தின் உச்சியில் இல்லை. மணி ஒன்பதரை. முப்பத்தொன்றிலேயே நின்றது. நாலாவது தடவை ஏறும்போது அனீஸ் கருவியை நிறுத்தி மூச்சு வாங்கினார். லட்சுமணசாமி கீழிருந்து, "மத்த மரத்தை நாளைக்குப் பார்த்துக்கலாம் அனீசு, நீ அங்கயே உக்காந்துக்க" என்றார்.

அவர் உச்சியில் உட்கார்ந்த ஐந்தாவது நிமிடம் போன் அடித்தது.

"தம்பின்னு வருதுங்க!"

நித்யஸ்ரீ மேலே பார்த்தாள். "எடுத்துப் பேசிப்போடுங்கண்ணா."

மேலே பேச்சுக் கேட்டது. "ஆமாங்க… அக்கா போனுதானுங்க… நான் அனீசு… அக்கா கீழ இருக்காங்க… இல்லீங்க, போன் மரத்து மேல இருக்குதுங்க… தென்னை மரத்துலீங்க… நான் நல்லாத்தான் இருக்கேனுங்க." பிறகு கீழே குனிந்தார். "எதுக்குன்னு கேக்கறாருங்க."

"கல்யாண வீடியோ இறக்கறோம்னு சொல்லுங்க."

சொன்னார். அதோடு நிறுத்தியிருக்கலாம். காப்பி குடிக்கும்போது கேட்டது மனதில் இருந்ததால், "எணச்சீருக்கு யாரு உக்காந்தாங்கன்னு பார்க்கணுமாமுங்க, அன்னைக்குப் பாதியில நின்னுபோச்சாமுங்க" என்றும் சேர்த்துச் சொன்னார்.

கீழே நாச்சியம்மாள் நெற்றியில் கைவைத்துக்கொண்டாள்.

மேலே போனைக் காதோடு அழுத்திக் கேட்டார். பிறகு அனீஸ் ஒவ்வொரு வார்த்தையாகக் கீழே இறக்கினார். "'அப்ப அன்னைக்கு நீங்க பார்க்கவே இல்லியா'ன்னு கேக்கறாருங்க."

நித்யஸ்ரீ லட்சுமணசாமியைப் பார்த்தாள். அவர் ஒரு தேங்காயை எடுத்து அதன் காம்பைத் திருகிக்கொண்டிருந்தார். "நெசத்தைச் சொல்லு அம்மணி. டவர் இல்லைங்கறது ஊருக்கே தெரிஞ்சதுதானே."

"இல்லைன்னு சொல்லுங்கண்ணா. பார்க்கலை."

"'சரி, பார்த்துட்டுப் பேசச் சொல்லுங்க. பார்க்கறவரைக்கும் யாரும் கூப்பிட மாட்டாங்க, நான் பார்த்துக்கறேன்'ங்கறாருங்க. குரலு ஒரு மாதிரி இருக்குதுங்க. அழுவறாரா சிரிக்கறாரான்னு தெரியலை."

அதற்கப்புறம் போன் அடிக்கவே இல்லை. நாற்பது, ஐம்பத்தைந்து, எழுபத்திரண்டு என்று மேலிருந்து எண்கள் மட்டும் வந்தன. பதினொன்றே காலுக்கு, "அம்பு கறுப்பாயிருச்சுங்க" என்ற குரல் வந்தது. தண்ணீர் கொண்டுபோயிருந்த தூக்குப்போசிக்குள் மஞ்சப்பையை வைத்துக் கயிற்றில் இறக்கினார். லட்சுமணசாமி இரண்டு கையாலும் வாங்கினார்.

முதலில் கண்ணில் பட்டது குடும்பக் குரூப்பில் கவின் போட்டிருந்த செய்தி: 'அக்கா போன் தென்னை மரத்தில் இருக்கிறது. நான் சொல்லும்வரை யாரும் கூப்பிட வேண்டாம்.' கீழே இருபத்துமூன்று பேர், எதுவும் கேட்காமல், சரிங்க, சரிங்க, சரிங்க என்று போட்டிருந்தார்கள்.

பிறகு வீடியோ. அவள் இணைச்சீருக்குத் தள்ளினாள். கவின் மணைமேல் உட்கார்ந்தான். வெற்றிலை. பச்சை முந்தானை. அவன் முகத்தைத் திருப்பினான், வாயைத் திறந்தான். இந்தமுறை பேசினான்.

பக்கத்தில் இருந்தவர்களிடம் அல்ல, நேராகக் கேமராவைப் பார்த்து. "அக்கா, ரித்திகாவை உக்கார வெக்கலாம்னு பெரியவங்க சொல்றாங்க. நீ சரின்னு சொன்னாத்தான். கீழ ஒரு வார்த்தை எழுது."

ரித்திகா வந்து நின்றாள். பச்சைப் பட்டுத்தான். கேமராவைப் பார்த்துக் கும்பிட்டாள். "அக்கா, அன்னைக்கு நேர்ல வந்து கூப்பிடாம விட்டுப்போட்டேன். இன்னைக்குச் சபையில கேக்கறேன். நீ உத்தரவு குடுத்தாத்தான் உக்காருவேன்."

அருமைக்காரர் வெற்றிலையைக் கையிலேயே வைத்துக்கொண்டார். கவினின் சிநேகிதன் ஒருவன், லைவுக்குக் கீழே பதில் வருகிறதா என்று போனைப் பிடித்துக்கொண்டு நின்றான். மேளக்காரர்கள் நிறுத்திவிட்டார்கள். மண்டபம் மொத்தமும் அந்தச் சின்னப் போனைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தது. ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். பின்னாலிருந்து யாரோ, "அங்க டவர் இருக்குதோ என்னமோ" என்றார்கள். கவின் உடனே, "அதெல்லாம் இருக்கும். அக்கா பார்த்துட்டுத்தான் இருப்பா" என்றான். படிக்கு வெளியே உட்கார்ந்திருக்கும் மனிதருக்காகவே சொன்னதுபோல இருந்தது அது.

நாலாவது நிமிடம் அருமைக்காரர், "நேரம் போகுதுங்க" என்றார். ரித்திகா மணையைத் தொடவில்லை. மணைக்குப் பக்கத்தில், வெறும் தரையில் உட்கார்ந்தாள். சீர் முழுக்க அந்த மணை காலியாகவே இருந்தது.

நித்யஸ்ரீ நிறுத்தினாள். திரும்பப் போட்டாள். மூன்று தடவை பார்த்தாள். அவள் திரையில் வட்டம் சுற்றிய நேரமெல்லாம், நாற்பத்தைந்து மைலுக்கு அப்பால் முந்நூறு பேர் அவள் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள். 'ஒண்ணுமே சொல்லலையே' என்று அம்மா கேட்டது இதைத்தான்.

"அந்தப் புள்ள தரையில உக்காந்துட்டாளே, பட்டுச் சேலையோட" என்றாள் நாச்சியம்மாள். கொஞ்சம் கழித்து, "மூவாயிரத்து எண்ணூறு இருக்கும்" என்றாள்.

நித்யஸ்ரீ சிரித்தாள். சிரித்ததில் தையல் இழுத்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு மறுபடி சிரித்தாள்.

"மறுக்கா மரமேறிப் பேசறீங்களாம்மா?" என்று கேட்டார் அனீஸ், மோர் குடித்தபடி.

"வேண்டாங்கண்ணா. சபையில வெச்சுக் கேட்டிருக்காங்க. போன்ல 'சரி'ன்னா அது காத்தோட போயிரும். வெள்ளிக்கிழமை விருந்துக்கு எல்லாரும் கூடுவாங்க. அங்க படிக்கற மாதிரி எழுதிக் குடுக்கறேன், அனுப்பி வெக்கறீங்களா?"

"நாளைக்குக் காலையில பொள்ளாச்சி ஹெட் போஸ்டாபீசுல ஸ்பீடு போஸ்ட்டுல போட்டுப்போடறேனுங்க."

அவள் தடுப்பூசி அட்டையிலிருந்து செவ்வாய்க்கிழமைக் கடிதத்தை எடுத்தாள். நல்ல தாள், பின்பக்கம் வெறுமையாக இருந்தது. நாச்சியம்மாள் சாம்பிராணி மடிக்கக் கேட்டாள், கொடுத்துவிட்டாள். புதுத் தாளில், வலது மேல்மூலையில் இடமும் நாளும் போட்டு எழுதினாள்:

'அன்புள்ள தம்பி கவினுக்கும், தங்கை ரித்திகாவுக்கும், அருமைக்காரர் ஐயாவுக்கும், சபையோருக்கும் நித்யஸ்ரீ எழுதிக்கொள்வது. இங்கு நானும் குழந்தைகளும் மாமா, அத்தை அனைவரும் நலம்.

நீங்கள் கேட்டதற்குப் பதில் சொல்ல எட்டு நாள் ஆகிவிட்டது. நீங்கள் கேட்ட நேரத்தில் எங்கள் வீட்டில் டவர் இல்லை. பார்த்தேன் என்று அம்மாவிடம் சொன்னது பொய். என் மாமனாரின் கௌரவத்துக்காகச் சொன்னேன். அவரே உண்மையைச் சொல்லச் சொல்லிவிட்டார்.

ரித்திகா, உனக்கு என் உத்தரவு உண்டு. வெள்ளிக்கிழமை, இந்தக் கடிதத்தைப் படித்தபிறகு, அந்த மணையைக் கொண்டுவந்து போடச் சொல்லி ஐந்து நிமிடமாவது அதில் உட்கார். அதை யாராவது வீடியோ எடுத்து வைக்கவும். இங்கே இறக்கிப் பார்த்துக்கொள்வோம்.

இருபத்தாறாம் நாள் பெயர் வைக்கிறோம். உன்னை நேரில் வந்து கூப்பிட என்னால் முடியாத நிலை. இந்தக் கடிதத்தையே வெற்றிலை பாக்காக நினைத்து நீ முன்னால் வர வேண்டும். எங்கள் தோட்டத்தில் தொட்டிக்குக் கிழக்கே மூன்றாவது மரத்தில் டவர் நன்றாக வருகிறது.'

லட்சுமணசாமிக்குப் படித்துக் காட்டினாள். கடைசி வரிக்கு அவர் தலையை ஆட்டினார். "உச்சியிலன்னு சேர்த்துக்க அம்மணி. இல்லாட்டி கவின் அடியில நின்னு தேடுவான்."

'உச்சியில்' என்று சேர்த்தாள். உள்ளே ஒரு வெற்றிலையைக் காம்பு கிள்ளி வைத்தாள். வீட்டில் பசை இல்லை. நாச்சியம்மாள் நாலு சோற்றுப் பருக்கையைக் கொண்டுவந்தாள். உறையின் வாயில் தேய்த்து ஒட்டி, கட்டைவிரலால் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை அழுத்தி, முகவரியைத் துடியலூரின் பின்கோடு வரை இன்னொருமுறை சரிபார்த்துக் கொடுத்தாள்.

அனீஸ் அதைப் பாலித்தீன் கவரில் போட்டார், போன் மேலே போன அதே கவர். சட்டைப் பையில் வைத்துப் பட்டனைப் போட்டு, "வாரேனுங்க" என்று சொல்லி மொபெட்டை உதைத்தார்.